பண்ணையிலருந்து எஸ்1 வரிசை வரைக்கும்: கோழி ஐபி வைரஸ் ஆராய்ச்சிக்கு ஒரு முழு வழிகாட்டி

போன மாசம் வெள்ளவத்தையில இருக்கிற ஒரு தம்பி இரவு பத்து மணிக்கு கோல் எடுத்து, அண்ணா ஐபி பிசிஆர் பொசிட்டிவ் வந்துட்டு, பன்னிரண்டு சாம்பிள்ல ஒன்பது, இனி எழுதத் தொடங்கலாம் தானே எண்டு சந்தோசமாக் கேட்டான். நான் திருப்பிக் கேட்டது ஒண்டே ஒண்டுதான், அந்தக் கோழிகளுக்கு கடைசியா தடுப்பூசி குடுத்தது எப்ப, அது என்ன ஸ்ட்ரெயின், அதாவது வைரஸ்ட எந்த வகை? அவன்ட பக்கத்துல கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. பிசிஆர் எண்டுறது வைரஸ்ட மரபணுவைத் தேடுற டெஸ்ட், உயிர்த் தடுப்பூசியில இருக்கிறதும் பலவீனமாக்கின உயிருள்ள ஐபி வைரஸ்தான், அதையும் அது பொசிட்டிவ் எண்டுதான் காட்டும். பிழை அவன்ட இல்ல, இதை யாரும் முதல் நாளே சொல்லித் தாறதில்ல. அதனாலதான் கொழும்புல இருந்துகொண்டு இந்த வைரஸ்ல ப்ரொஜெக்ட் தொடங்கிற பிள்ளைகளுக்காக முழுசா எழுதி வைக்கலாமெண்டு உக்காந்தன்.

முதல்ல வைரஸைப் பத்திக் கொஞ்சம். ஐபி எண்டா இன்ஃபெக்சஸ் பிரொங்கைட்டிஸ், கோழிக்கு வாற ஒரு தொத்து மூச்சு நோய். 1931ல அமெரிக்காவுல வட டகோட்டாவுல ஷால்க், ஹோன் எண்ட ரெண்டு பேர் குஞ்சுகளுக்கு வந்த புது மூச்சு நோய் எண்டு எழுதினாங்க. 1937ல போடெட்டும் ஹட்சனும் அதைக் கரு முட்டையில வளத்துக் காட்டினாங்க. இது கொரோனா குடும்பம், காமா கொரோனா. வீட்ல சொன்னா எல்லாரும் பயப்படுவாங்க, ஆனா இது மனுசருக்குத் தொத்தாது, தைரியமாச் சொல்லுங்க. இன்னும் சொல்லப்போனா கொரோனா எண்ட பேர் வைக்கக் காரணமா இருந்த வைரஸ்கள்ல இதுவும் ஒண்டு, ஜூன் அல்மெய்டா எண்ட விஞ்ஞானி எலக்ட்ரோன் மைக்ரோஸ்கோப்புல கோழி வைரஸையும் மனுச சளி வைரஸையும் பாத்து ரெண்டுக்கும் ஒரே மாதிரி ஒளிவட்டம் இருக்குதெண்டு கண்டதாலதான் 1968ல அந்தப் பேர் வந்தது. முழு ஜீனோமும், அதாவது மரபணு எழுத்து வரிசை முழுக்க, முதல்முதலா வாசிச்ச கொரோனா வைரஸும் இதுதான், 1987ல, போடெட் ஸ்ட்ரெயின், ஏறத்தாழ 27,600 எழுத்து.

இவ்வளவு பழைய வைரஸ் ஏன் இன்னும் அடங்கேல்ல? வெளியில முள்ளு மாதிரி நிக்கிற ஸ்பைக் புரதம் இருக்குது தானே, அதுட முன்பாதி எஸ்1. வைரஸ் கோழிட செல்லைப் பிடிக்கிறதும் அதாலதான், கோழிட எதிர்ப்பு சக்தி அடையாளம் காணுறதும் பெரும்பாலும் அதைத்தான். அந்த எஸ்1 மாறிக்கொண்டே இருக்கும், ஒரு எழுத்து ரெண்டு எழுத்து மாறுறது மட்டுமில்ல, ஒரே கோழியில ரெண்டு ஸ்ட்ரெயின் சேந்து இருந்தா துண்டு துண்டா மாத்திக்கொள்ளவும் செய்யும். 1956லயே மாசசூசெட்ஸ் வகைக்கு எதிர்ப்பு இருந்த கோழிய கனெக்டிகட் வகை தாக்குதெண்டு காட்டிட்டாங்க. பிறகு 1990, 91ல இங்கிலாந்துல 793பி, அதே 90கள்ல சீனாவுல கியூஎக்ஸ் எண்டு வரிசையா வந்தது. ஆக உங்கட ஆராய்ச்சிட கேள்வி, ஐபி இருக்கா இல்லையா எண்டுறது இல்ல. அது எங்கயும் இருக்கு. எந்த ஐபி, அது தடுப்பூசியிலருந்து வந்ததா வெளியிலருந்து வந்ததா, அந்தப் பண்ணையில போடுற தடுப்பூசி அதைத் தாங்குமா, இதுதான் கேள்வி. கீழ சொல்லுற ஒவ்வொரு படியும் இந்தக் கேள்விக்காகத்தான்.

படி 1: கொப்பியும் பேனையும், ஸ்வாப்புக்கு (சாம்பிள் எடுக்கிற பஞ்சுக் குச்சி) முன்னால

கோழியத் தொட முதல் பண்ணைக்காரரோட இருந்து கதைங்க. குஞ்சு எந்தத் திகதி வந்தது, எந்தெந்த நாள் தடுப்பூசி குடுத்தது, ஸ்பிரேயா கண்ணுல சொட்டா குடிக்கிற தண்ணியிலயா, போத்தல்ல இருக்கிற ஸ்ட்ரெயின் பேர் என்ன. ஞாபகத்துல சொல்லுறதை மட்டும் நம்ப வேண்டாம், வெறும் போத்தல் கிடந்தா லேபலை ஃபோன்ல படம் எடுங்க. நியூகாசில் (இன்னொரு கோழி வைரஸ் நோய்) தடுப்பூசி மட்டும்தான் குடுத்தோம் எண்டு சொல்லுவாங்க, போத்தலைப் பாத்தா ஐபியும் சேந்த கூட்டு மருந்தா இருக்கும். தண்ணியில குடுத்திருந்தா அது குழாய்த் தண்ணியா எண்டு கட்டாயம் கேளுங்க, குளோரின் உள்ள தண்ணி உயிர்த் தடுப்பூசிய அங்கயே சாகடிச்சுடும். பால்மா கலந்தாங்களா எண்டும் கேளுங்க, ஆடை நீக்கின பால்மா குளோரினை மட்டுப்படுத்தும். பக்கத்துப் பண்ணையில என்ன போடுறாங்க எண்டதையும் எழுதுங்க, உயிர்த் தடுப்பூசி வைரஸ் வேலி பாத்து நிக்காது.

நான் இதைச் செய்யாம விட்டு மூண்டு மாசம் இழந்தன். குருநாகல் பக்கம் ஒரு பண்ணை, பதினொரு சாம்பிள், எல்லாம் பொசிட்டிவ், எஸ்1 வரிசை எடுத்துப் பாத்தா பதினொண்டும் எச்120 தடுப்பூசியோட அச்சு அசல் ஒண்டு. திரும்பிப் போய்க் கேட்டா நான் போறதுக்கு ஒன்பது நாளைக்கு முன்னாலதான் தண்ணியில குடுத்திருக்காங்க. அவங்க மறைக்கேல்ல, நான் கேக்கேல்ல. கோழிகளுக்கு இருந்த நோய் வேற என்னமோ, அதைத் தேட வேண்டிய நேரம் முழுக்க நான் மருந்துப் போத்தலை வாசிச்சுக்கொண்டு இருந்தன். இண்டைக்கும் நினைச்சா மனசு வலிக்கும், அந்த மனுசன் அந்த பட்ச்ல நல்லா நட்டப்பட்டவர்.

இன்னுமொண்டு. திடீரெண்டு கூட்டமா சாகுது, கொண்டை நீலமா இருக்கு, கழுத்து முறுக்குது எண்டா உள்ள போகாதீங்க. பறவைக் காய்ச்சலா, நியூகாசிலா இருக்கலாம், அந்தப் பகுதி அரச மிருக வைத்தியருக்கு உடனே சொல்லுங்க. உங்கட கம்பஸ் எதிக்ஸ் அனுமதியும் பண்ணைக்காரர்ட கையெழுத்தும் இல்லாம எந்த சாம்பிளும் வேண்டாம்.

படி 2: இரவுல காது குடுங்க

பகல்ல ஷெட்டுக்குள்ள ஃபேன் சத்தம், கோழிச் சத்தம், ஒண்டும் விளங்காது. முடிஞ்சா இரவு லைட்டை நிப்பாட்டிட்டு பத்து நிமிசம் அசையாம நில்லுங்க. கோழிகள் அடங்கினதுக்குப் பிறகு அங்க ஒண்டு இங்க ஒண்டா ஈரமான கர்ர் எண்ட சத்தமும் சின்னத் தும்மலும் வரும், முதல் நாள் ஒரு மூலையில இருக்கும், அடுத்த நாள் ஷெட் முழுக்க. தொத்தி 18 மணித்தியாலத்துலருந்து ரெண்டு நாளுக்குள்ளயே அறிகுறி தொடங்கிடும், அவ்வளவு வேகமாப் பரவும்.

லேயர், அதாவது முட்டைக் கோழி எண்டா முட்டைய உடைச்சுப் பாருங்க. தட்டுல ஊத்தினா நல்ல முட்டையில வெள்ளைக்கரு மஞ்சளைச் சுத்திக் குவிஞ்சு நிக்கும், ஐபி வந்த கோழிட முட்டையில தண்ணி மாதிரி தட்டு முழுக்க ஓடிடும். ஓடு சுருங்கி, மெல்லிசா, வெளிறி இருக்கும். இன்னொரு விசயம் மனசை நோகடிக்கும், குஞ்சா இருக்கேக்க முதல் ரெண்டு கிழமைக்குள்ள சில ஸ்ட்ரெயின் தொத்தினா முட்டைக் குழாய் நிரந்தரமாப் பழுதாகிடும், வளந்து கொண்டை சிவந்து நல்ல லேயர் மாதிரியே நிக்கும், தீனியும் தின்னும், ஒரு முட்டையும் போடாது.

சிறுநீரகத்தைத் தாக்குற ஸ்ட்ரெயின்கள் வேற மாதிரி. மூச்சுச் சத்தம் குறைஞ்ச பிறகு கோழி தண்ணி கூடக் குடிக்கும், எச்சம் ஈரமாகும், பிறகு சாகத் தொடங்கும். வெட்டிப் பாத்தா சிறுநீரகம் வீங்கி வெளிறி, உள்ள வெள்ளையா யூரேட் (யூரிக் அமில உப்பு) கோடுகள் தெரியும்.

படி 3: சாம்பிள் எடுக்கிறது

அறிகுறி தொடங்கி முதல் கிழமையா இருந்தா மூச்சுக் குழாய் ஸ்வாப். அதுக்குப் பிந்தினா குளோக்கா (எச்சம் வாற வாசல்) ஸ்வாப், செத்த கோழி எண்டா சிறுநீரகமும் குருட்டுக் குடல் டொன்சிலும், லேயர்ல முட்டைக் குழாயும். மூச்சுக் குழாய்ல கண்டது தடுப்பூசி வைரஸா இருக்க நல்லாவே வாய்ப்பிருக்கு, ஆனா வீங்கின சிறுநீரகத்துல வைரஸ் கிடைச்சா அதுக்கு எடை கூட. அதனால ஒவ்வொரு உறுப்பையும் தனித்தனிப் போத்தல்ல போடுங்க, எல்லாத்தையும் ஒண்டாக் கலந்து அரைச்சா இந்தத் தகவல் போயிடும். மருந்து வைரஸா இல்லையா எண்டு தெளிவா அறிய இன்னொரு வழியும் இருக்கு, தடுப்பூசி போடாத சுத்தமான கோழி சிலதை அந்த மந்தையோட ஒரு கிழமை விட்டு அதுகள்ல என்ன தொத்துது எண்டு பாக்கிறது. செலவு கூட, ஆனா வசதி இருக்கிற இடத்துல செய்ய வேண்டியது.

ஸ்வாப்பை அன்டிபயோட்டிக் கலந்த குளிர்ந்த திரவத்துல போடுங்க, வழமையா மில்லிலீட்டருக்கு பெனிசிலின் 10,000 யூனிட், ஸ்ட்ரெப்டோமைசின் 10 மில்லிகிராம். ரெஜிஃபோம் பெட்டியில ஐஸ். ஐஸ் இல்லாம அந்தரப்பட்ட நாள்ல பேலியகொட மீன் சந்தையில வாங்கி நிரப்பியிருக்கன், ஒரு குறையும் வரேல்ல, ஆனா ஐஸ் உருகி லேபல் அழிஞ்சு எது எந்தக் கோழி எண்டு தெரியாமப் போன அனுபவமும் இருக்கு. அதனால பென்சிலால எழுதி, மேல டேப் ஒட்டி, பிறகு பொலித்தீன் பையில போட்டு ஐஸ்ல வைங்க. பேராதனைக்கு அனுப்புறதெண்டா, அங்கதான் கன்னொறுவை மிருக வைத்திய ஆராய்ச்சி நிலையமும் கம்பஸ் மிருக வைத்திய பீடமும் இருக்கு, கொழும்புக் கோட்டை ஸ்டேசன்லருந்து விடியக் காலை ட்ரெயின்ல நீங்களே பெட்டிய மடியில வச்சுக்கொண்டு போறது நல்லம். எஃப்டிஏ கார்ட்ல (மரபணுவைப் பாதுகாக்கிற மருந்து ஏத்தின ஒரு வகைக் காகித அட்டை) தடவினா ஐஸ் தேவையில்ல, பிசிஆருக்குப் போதும், ஆனா அதுல வைரஸ் செத்துடும், பிறகு வளக்கேலாது.

மிச்சத்தை மைனஸ் 80ல வைங்க, ஒரே சாம்பிளை ரெண்டு மூண்டு சின்ன ட்யூப்பாப் பிரிச்சு ரெண்டு இடத்துல. 2022ல ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் போன நேரத்துல ஒரே ஃப்ரீசர்ல எல்லாத்தையும் வச்சிருந்த எத்தனையோ பேர்ட வேலை வீணாப் போனது.

படி 4: பிசிஆர், அதுட எல்லை

வைரஸ்ட மரபணுப் பொருளான ஆர்என்ஏ எடுத்து ரியல் டைம் ஆர்டி பிசிஆர் செய்யுங்க. பெரும்பாலும் ஜீனோம்ட முன்நுனியில இருக்கிற, எல்லா ஐபியிலயும் மாறாம இருக்கிற பகுதியத்தான் இது தேடும். அதனாலதான் எல்லா வகையையும் பிடிக்குது, அதனாலதான் எந்த வகை எண்டு சொல்லவும் மாட்டாது. சிடி இலக்கம் (இது குறையக் குறைய வைரஸ் கூட எண்டு அர்த்தம்) கூடவா இருந்தா தடுப்பூசி, குறைவா இருந்தா வெளி வைரஸ் எண்டு சிலர் முடிவு கட்டுவாங்க, அது சரியில்ல, தடுப்பூசி குடுத்து அஞ்சாம் நாள் ஸ்வாப்லயும் வைரஸ் நிறையவே இருக்கும். நெகட்டிவ் கொன்ட்ரோலை ஆர்என்ஏ எடுக்கிற கட்டத்துலருந்தே கூட ஓட்டுங்க. அதே ஆர்என்ஏயில நியூகாசிலும், பறவைக் காய்ச்சலும், முடிஞ்சா மெட்டாநியூமோ வைரஸும் பாத்துடுங்க, ஐபி தனிய வாறது குறைவு, பின்னாலயே மைக்கோபிளாஸ்மா, ஈ. கோலை எண்ட பக்டீரியாக்களும் வந்துதான் கூட சாவு.

எலைசா, அதாவது இரத்தத்துல எதிர்ப்புப் பொருளைப் பாக்கிற டெஸ்ட், மலிவு, மந்தைக்கு எதிர்ப்பு இருக்கா எண்டு பாக்க நல்லம், ரெண்டு மூண்டு கிழமை இடைவெளியில ரெண்டு தரம் இரத்தம் எடுத்து ஏற்றத்தைப் பாருங்க. வகை பிரிக்க அது உதவாது. எச்ஐ டெஸ்ட் (சிவப்பணு ஒண்டா ஒட்டுறதை இரத்தத்துல இருக்கிற எதிர்ப்பு தடுக்குதா எண்டு பாக்கிறது) இளம் கோழியில ஓரளவு வகை சொல்லும், பல தடுப்பூசி கண்ட வயசான லேயர்ல எல்லாத்துக்கும் எல்லாம் பொசிட்டிவ் காட்டும்.

படி 5: முட்டையில வளக்கிறது

கடை முட்டை வேலைக்கு ஆகாது, அது கரு கட்டாதது. சாதாரண பண்ணையிலருந்து கரு முட்டை எடுத்தாலும் தாய்க் கோழிட எதிர்ப்பு மஞ்சள் கருவுல இருக்கும், வைரஸை அமத்திடும். எஸ்பிஎஃப் முட்டைதான் வேணும், எண்டா குறிப்பிட்ட நோய்க் கிருமிகள் இல்லாம வளத்த கோழிட முட்டை, அது விலை கூட, முன்கூட்டியே சொல்லி வைக்க வேணும், அதால ப்ரொஜெக்ட் திட்டம் போடேக்க முதல்ல முட்டைக் கணக்கைப் போடுங்க.

9லிருந்து 11 நாள் கரு. இருட்டறையில லைட் பிடிச்சுப் பாத்து காத்தறை எல்லையையும் நரம்பு இல்லாத இடத்தையும் பென்சிலால குறிச்சு, அல்கஹோலால துடைச்சு, சின்ன ஓட்டை போட்டு, வடிகட்டின சாம்பிள் 0.1லருந்து 0.2 மில்லி அலன்டோயிக் குழிக்குள்ள, அதாவது கருவைச் சுத்தி இருக்கிற ஒரு திரவப் பைக்குள்ள. மெழுகால அடைச்சு 37 பாகையில வைங்க, ஏழு நாளைக்கு ஒவ்வொரு நாளும் பாருங்க. முதல் 24 மணித்தியாலத்துல செத்தது ஊசிட பிழை, கணக்குல எடுக்க வேண்டாம். 3லருந்து 6 நாள்ல சில முட்டையில திரவத்தை எடுத்து அடுத்த தொகுதி முட்டைக்குக் குடுங்க, இப்படி ஒவ்வொரு தொகுதியும் ஒரு தரம். திரவம் எடுக்க முதல் நாள் இரவு 4 பாகையில வச்சா இரத்தம் கலக்காது.

இப்ப முக்கியமான இடம். வெளி வைரஸ் முதல் தரத்துல முட்டைக்குள்ள பெரும்பாலும் ஒண்டுமே காட்டாது, ரெண்டாம் தரத்துலருந்து நாலாம் தரத்துக்குள்ளதான் மாற்றம் தெரியும். முதல் தரத்துலயே கரு குறுகிச் சுருண்டா அது தடுப்பூசி வைரஸோ எண்டு சந்தேகப்படுங்க, எச்120 எண்டுறதே முட்டையில 120 தரம் மாத்தி மாத்தி வளத்துப் பழக்கின வைரஸ் தானே, முட்டைய நல்லா அறிஞ்சது.

நாலாம் தரத்துல நான் முதல் திறந்த முட்டை இன்னும் கண்ணுல நிக்குது. பக்கத்துக் கொன்ட்ரோல் முட்டையில குஞ்சு முட்டை ஓடு முழுக்க நிரப்பிக்கொண்டு சிறகும் காலும் நீட்டி இருக்கு, இதுல அதே வயசுக் குஞ்சு அரைவாசி அளவுல, கால் விரல் தலையில முட்டுற மாதிரி ஒரு பந்தாச் சுருண்டு, இறகு ஒட்டிப் பிசுபிசுத்து, அதைச் சுத்தி சவ்வு இறுக்கமாச் சுத்தியிருக்கு. சின்னக் கத்திரியால சவ்வை வெட்டினாலும் குஞ்சு நிமிரேல்ல. சிறுநீரகப் பக்கத்துல வெள்ளைப் புள்ளியா யூரேட். அதைப் பாத்த பிறகும் பிசிஆர்ல உறுதிப்படுத்த வேணும், அந்தத் திரவம் சிவப்பணுவைச் சேத்துக் கட்டுதா எண்டும் பாக்க வேணும், ஐபி நேரடியாக் கட்டாது, கட்டினா நியூகாசில் மாதிரி வேற ஏதோ உள்ள இருக்கு.

முட்டைக்குப் பழக்காம வளக்க வேணுமெண்டா மூச்சுக் குழாய் வளையம். 20 நாள் கருட மூச்சுக் குழாயை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான வளையமா வெட்டி, ஊடகத்துல போட்டு மெதுவா உருட்டி வைக்கிறது. மைக்ரோஸ்கோப்ல குறைஞ்ச பெருக்கத்துல பாத்தா வளையத்துட உள் விளிம்பு முழுக்க நெல் வயல்ல காத்து ஓடுற மாதிரி முடிகள் அலை அடிக்கும், உதிர்ந்த செல்கள் நடுவுல சுழண்டுகொண்டு இருக்கும். வைரஸ் போட்டு ஓரிரு நாள்ல ஒரு பக்கம் நிக்கும், பிறகு முழுசும் நிக்கும். கோழி ஏன் மூச்சு விட அந்தரப்படுதெண்டு எந்தப் புத்தகத்தை விடவும் அது விளக்கும்.

படி 6: எஸ்1 வரிசை

பலர் எஸ்1ல 400 சொச்ச எழுத்து மட்டும் வாசிச்சிட்டு வகை சொல்லுவாங்க. காசு இல்லாட்டி விளங்குது, ஆனா துண்டு மாத்துற வைரஸ்ல ஒரு துண்டைப் பாத்து முழு ஆளைச் சொல்லேலாது. ஏலுமெண்டா முழு எஸ்1ம், ஏறத்தாழ 1,600 எழுத்து. 2016ல வலாஸ்ட்ரோ குழு முழு எஸ்1ஐ வச்சு 6 ஜெனோடைப், 32 வம்சம் எண்டு ஒழுங்குபடுத்தினாங்க, அந்தப் பேர்களையே பாவியுங்க: மாசசூசெட்ஸ் ஜிஐ-1, 793பி ஜிஐ-13, கியூஎக்ஸ் ஜிஐ-19. ஜென்பேங்க் எண்ட பொது மரபணு வரிசைத் தளத்துலருந்து ஒவ்வொரு வம்சத்துக்கும் ஒரு மாதிரியும், அந்தப் பண்ணையில பாவிச்ச தடுப்பூசிட வரிசையும் கட்டாயம் எது எதுக்குச் சொந்தம் எண்டு காட்டுற வம்ச மரத்துல சேருங்க. தடுப்பூசி கிளைய விட்டுட்டு மரம் வரையுறது பிழையான முடிவுக்குத்தான் கொண்டு போகும்.

ஜிஐ-1 வந்தா அவசரப்படாதீங்க, நோய் தாற எம்41ம் தடுப்பூசி எச்120ம் ரெண்டும் அந்த ஒரே வம்சம். எழுத்து எழுத்தா ஒப்பிட்டு, படி 1ல எழுதின திகதியையும், எந்த உறுப்புல கிடைச்சது எண்டதையும், முட்டையில எத்தனையாம் தரத்துல மாற்றம் காட்டினது எண்டதையும் சேத்து வச்சுத்தான் சொல்ல வேணும்.

படி 7: தடுப்பூசி தாங்குமா

எஸ்1 எவ்வளவு வித்தியாசம் எண்டு பாத்து பாதுகாப்பைச் சொல்லேலாது. 1999ல ஜேன் குக் குழு காட்டினது, மாசசூசெட்ஸ் வகை தடுப்பூசியொண்டை முதல் நாளும் 4/91ஐ (793பி வகைத் தடுப்பூசி) ரெண்டு கிழமையிலயும் குடுத்தா, ரெண்டுக்கும் சம்பந்தமில்லாத பல வகைக்கும் நல்ல பாதுகாப்பு கிடைக்குது. அதால சோதிச்சுத்தான் பாக்க வேணும், அதுக்குத் தனிக் கூடு, காத்து வடிகட்டி உள்ள இடம் வேணும், கொழும்புல வாடகை வீட்டுப் பின்வளவுல செய்யிற வேலை இல்ல.

எஸ்பிஎஃப் குஞ்சை நாலு குழுவாப் பிரிச்சு (தடுப்பூசியும் வைரஸும், தடுப்பூசி மட்டும், வைரஸ் மட்டும், ரெண்டும் இல்லாதது), தடுப்பூசி குடுத்து மூண்டு கிழமையில வைரஸ் குடுத்து, அஞ்சு நாள் போல பாத்து மூச்சுக் குழாய் எடுக்கிறது. ஒரு கோழிக்கு பத்து வளையம், மேல மூண்டு, நடுவுல நாலு, கீழ மூண்டு. ஒரு வளையத்துல எல்லா முடியும் அசைஞ்சா 0, ஒண்டும் அசையாட்டி 4, ஆகக் கூடினது 40. மொத்தம் 20க்குக் குறைஞ்ச கோழிய பாதுகாப்பு உள்ளதா எடுப்பாங்க. உதாரணத்துக்கு, தடுப்பூசி இல்லாம வைரஸ் குடுத்த குழுட சராசரி 36, தடுப்பூசியும் வைரஸும் குடுத்த குழுட சராசரி 9 எண்டா, 9ஐ 36ஆல பிரிச்சு 1லருந்து கழிச்சா பாதுகாப்பு 75 சதவீதம். புள்ளி போடுறவருக்கு எந்த வளையம் எந்தக் குழு எண்டு தெரியக் கூடாது, இதுல விட்டுக்குடுக்கவே வேண்டாம்.

படி 8: பண்ணைக்குத் திரும்பப் போங்க

வரிசைய ஜென்பேங்க்ல போடுங்க, திகதி, மாவட்டம், உறுப்பு, தடுப்பூசி விவரத்தோட, பண்ணைட பேர் இல்லாம. ஆனா அதுக்கு முதல் பண்ணைக்காரருக்கும் அவர்ட மிருக வைத்தியருக்கும் ஒரு பக்கத்துல, அவங்களுக்கு விளங்குற பாசையில, தமிழோ சிங்களமோ, என்ன கண்டீங்க எண்டு எழுதிக் குடுங்க. ப்ரொய்லர் பட்ச் ஒண்டு ஆறு கிழமைக்குள்ள முடிஞ்சு அடுத்த குஞ்சு வந்துடும், முதல் நாள் ஸ்பிரேயில என்ன ஸ்ட்ரெயின் போடுறதெண்டு முடிவெடுக்கிறது குஞ்சு பொரிக்கிற இடத்துல, குஞ்சு வாறதுக்கு முதல். அந்தத் தாள் அதுக்கு முந்திப் போய்ச் சேர வேணும். வெள்ளவத்தைத் தம்பி போன கிழமை திரும்ப கோல் எடுத்தான், ஒன்பதுல ஆறு தடுப்பூசி வைரஸ், மூண்டு ஒரே வரிசை, தடுப்பூசி இல்ல, மூண்டும் சிறுநீரகத்துலருந்து. சனிக்கிழமை விடிய ஆறு மணி பஸ்ல அந்தப் பண்ணைக்குப் போறான், கையில அந்த ஒரு பக்கத் தாள்.